ஓட்டைகள்

டிலக்சி கேட்டது டோனட்.
நடுவில் ஓட்டையோடு,
போனில் கண்ட மாதிரியே வேணுமாம்.

ஒரு கிலோ கோதுமை மா, ரெண்டு முட்டை,
ஈஸ்ட், கைக்கணக்கில் சீனி.
விசுவமடு வெயிலுக்கு
அரை மணித்தியாலத்தில் பொங்கி
மூடியைத் தள்ளிப் பார்த்தது மா.

வட்டத்துக்குத் தேத்தண்ணிக் கிளாஸ்,
ஓட்டைக்குச் சோடாப் போத்தல் மூடி.
தூக்கினால்
வட்டம் இழுபட்டு நீளுது,
எண்ணெயில் விழமுன்னமே பிய்யுது.
பாலை விறகு நின்று எரிய
வெட்டி ஒதுக்கின ஓட்டைகள்தான்
தாச்சிக்குள் தாமாகப் புரண்டு
எல்லாப் பக்கமும் சிவந்தன.

சரி போ என்று
வட்டங்களைத் திருப்பிப் பிசைந்து
முழுக்க ஓட்டையாகவே வெட்டினேன்.
நாற்பத்தேழு.

செவ்வாய்க்கிழமை.
படலையில் மோட்டார்சைக்கிள்.
லோன்காரப் பெடியன் நிசாகரன்
ஹெல்மெட் கழற்றாமல்,
"அக்கா, இந்தக் கிழமையும்..."
மிச்சத்தைப் பொரியல் மணம் விழுங்கியது.

தட்டை நீட்டினேன்.
ஹெல்மெட் கழன்றது.
ஊதி ஊதி ஒன்று. பிறகு ஒன்று.
கொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி
ஒன்பது.

"என்னக்கா, வாய்ப்பனோ?"
"ஓட்டை."
"என்னத்தின்ர ஓட்டை?"
காட்டுவதற்கு
வீட்டில் ஒரு டோனட்கூட இல்லை.

உள்ளுக்கிருந்து டிலக்சி
சத்தமாய் எண்ணினாள்:
முப்பத்தெட்டு!

அவன் கொப்பியை விரித்து,
என் பெயருக்கு நேரே
இந்தக் கிழமைக் கட்டத்தில்
ஒரு பூச்சியம் போட்டான்.
அன்றைக்கு ஒழுங்காய் வந்த வட்டம்
அது ஒன்றுதான்.

சீனி ஒட்டி
அந்தப் பக்கம் மூட மறுத்தது.