பதினெட்டு விலா

கண்ணாடி வெட்டுமுன்
தாளைத் தடவிப் பார்ப்பது என் பழக்கம்.
மத்திய வீதியில் இருபது வருடமாய்ச் சட்டமடிக்கும் விரல்.
கண்ணுக்கு முந்தி இது பார்த்துவிடும்.

இரண்டு நாம்பன், ஒரு வண்டி. வெறும் பென்சில்.
இடத்து மாட்டின் திமிலடியில்
தாள் குழிந்து கிடக்கிறது:
நுகம் ஏறுமிடத்தில்தான்
வரைந்தவன் முனையை ஊன்றியிருக்கிறான்.
வாலுக்கு வரும்போது கை இளகிவிட்டது,
வால் எதையும் இழுப்பதில்லை என்று
தெரிந்தவனைப் போல.

வண்டியில் பாரமில்லை.
பக்கக் கம்புகளுக்கு நடுவே வெறும் தாள்.
ஆனால் சில்லு
மணலுக்குள் நாலு விரற்கடை இறங்கி நிற்கிறது.
குளம்பு பிளந்து விரிந்திருக்கிறது.
பூட்டாங்கயிறு தொண்டையில் வெட்டுகிறது.
வெறும் வண்டிக்கு எதற்கு இந்த முக்கல்?

விலாவை எண்ணினேன்.
"மாட்டுக்கு ஒரு பக்கம் எத்தனை?"
"பதிமூணு" என்றார் முஸம்மில், யோசிக்காமல்.
இதில் பதினெட்டு.
நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று.
நாலு, குறுக்கே ஒன்று.
நாலு, குறுக்கே ஒன்று.
பிறகு தொடைப் பக்கமாய்
தனித்தனியே மூன்று.

தாளைத் திருப்பினேன்.
நிலாவெளி உப்பளம். நிறுவைத் துண்டு.
வண்டிக்காரர்: ஆதம்பாவா, இக்பால் நகர்.
மூடை: பதினைந்து.
மையால் எழுதி, மேலே முத்திரையும் குத்தி.

முஸம்மில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வீதியில் ஓர் ஓட்டோ திரும்ப முடியாமல் நின்று
ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
"வாப்பா மௌத்தாகுமட்டும்
பதினெட்டு எண்டுதான் சொன்ன.
ஆரும் நம்பல்ல.
எழுத்து வராது அவருக்கு,
மாடு கீறிக் கிடந்ததால வெச்சிருந்த."

கணக்கப்பிள்ளையின் பெயர் எங்குமில்லை.
மேலிடம் கேட்ட எண்ணை மையில் எழுதிவிட்டு
மிச்ச மூன்றை மாட்டின் உடம்பில் ஏற்றியவன்.
வெட்கமா, சாட்சியா?
வரிசை நகரும்வரை கை சும்மா இருக்காமல்
எண்ணிக்கொண்டே இருந்ததா?
காரீயம் அதைச் சொல்லாது.
அதுவும் எங்கோ குழிக்குள் இறங்கி
ஒருவன் வெட்டிச் சுமந்ததுதான்.
மாட்டில் கொஞ்சம் இப்போது
என் பெருவிரலில்.

தாளில் உப்பு ஊறியிருக்கிறது,
மாரி வந்தால் வேர்க்கும், கண்ணாடி மங்கும் என்றேன்.
"மாடும் வேர்த்ததுதானே" என்றார்.
"ரெண்டு பக்கமும் கண்ணாடி போடுங்க.
துண்டும் தெரியணும், விலாவும் தெரியணும்."

தேக்குச் சட்டம், ஏழடி.
ஆணி, கொக்கி, கூலி.
கண்ணாடி: ஒன்று என்று பில்லில் எழுதினேன்.
மற்றதை எங்கே கீறுவதென்று
காதில் செருகிய பென்சிலை
எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.