அரைக்கோடு

ஜெனரேட்டர் ரூம் சுவரில்
ரஞ்சன் கரித்துண்டால் டீக்கணக்கு எழுதுவான்.
ஒடிசாக்காரன், தமிழ் எழுத்து வராது.
ஆளுக்கொரு படம்:
கட்டிங் மாஸ்டருக்குக் கத்தரி,
அயர்ன்காரருக்கு முக்கோணம்,
எனக்கு மூக்குக்கண்ணாடி.
போன ஐப்பசியில் ஒரு நாள்
கண்ணாடிக்குக் கீழே பதினோரு கோடு.

ஷிப்மெண்ட் மாசம்.
இட்லி ஸ்கூட்டியிலேயே ஆறிப்போகும்.
மதியச் சோறு மூன்றரைக்கு,
ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி.
என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ராத்திரி பதினொன்றுக்கு பையர் மெயில் போடுவான்,
அங்கே அவனுக்குச் சாயங்காலம்.
காலர் அரை சென்டிமீட்டர் இறங்கணுமாம்.
அந்த அரை சென்டிமீட்டரை நெஞ்சில் வைத்துக்கொண்டு
ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

"மேலுக்கு எப்படி இருக்குது சாந்தாமணி?"
"அதுக்கென்னங்க, ஓடுது."
மிஷினைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஓடியது நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை.
மீடியம் சைஸ் அறுநூறு பீஸுக்கு
லார்ஜ் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்;
பக்கத்தில் நின்று
சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.
கண் திறந்துதான் இருந்ததாம்.

அவிநாசி ரோட்டு டாக்டரம்மா
ரத்தம், சர்க்கரை, தைராய்டு, எல்லாம் பார்த்தார்.
எல்லாம் சரி என்றதும் எனக்கு அழுகை வந்தது.
ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம்.
மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடியிருப்பேன்.
"தூங்குங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க.
டீயைப் பாதியாக்குங்க."
இதற்கு நானூறு ரூபாய்.

அந்தக் கோபத்தில்தான்
போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.
அரிசிக்குள் கிடந்து நாலு தரம் முனகியது.
"பல்லியா?" என்றார் வீட்டுக்காரர்.
நான் தூங்கிவிட்டேன்.
காலையில் எடுத்துப் பார்த்தால்
பதினொன்று ஐந்துக்கு: மிக அவசரம்.
பதினொன்று நாற்பதுக்கு:
முந்தைய மெயிலைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அதே டப்பாவில் ரெண்டு டம்ளர் அள்ளி,
துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டு
அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன்.
உட்கார்ந்து தின்றேன்.
பல்லில் ஒரு சீரகம் பட்டது.
இத்தனை வருஷமாகச் சீரகம் போட்டுக்கொண்டா இருக்கிறேன்!

அதோடு எல்லாம் திருந்திவிடவில்லை.
டீ குறைந்த மூன்று நாளும் தலை பிளந்தது,
செக்கிங் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.
கம்மங்கூழ் பாட்டில் பைக்குள் புளித்துப் பொங்கி
இன்வாய்ஸ் எல்லாம் மோர் வாசம்.
நடக்கலாமென்று நொய்யல் பக்கம் போய்
நாற்றத்துக்குப் பயந்து திரும்பி
மறுநாள் மேட்டுப் பக்கம் நடந்தேன்.
மாசக்கடைசியில் மூன்று ராத்திரி
போன் மறுபடி தலையணைக்கடியில்.
நாலாம் ராத்திரி அரிசிக்குள்.

டீயைக் குறைத்த முதல் நாள்
ரஞ்சன் முகம் சுருங்கிவிட்டது.
"அக்கா, என்கூட சண்டையா?"
"இல்லடா. பாதி ஊத்து."
ஊற்றினான். சுவருக்குப் போனான்.
கரியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.
பாதிக்குக் கணக்கு எழுதியதில்லை.
பிறகு கண்ணாடிக்குக் கீழே
ஒரு கோட்டைத் தொடங்கி
நடுவழியில் விட்டான்.

"நீ எத்தனை குடிப்பே?"
"எனக்குப் படம் இல்ல அக்கா," சிரித்தான்.
கண் ரெண்டும் செம்மண்.
காலை அஞ்சுக்கு அடுப்பு, ராத்திரி பத்துக்குப் பாத்திரம்.
நான் பார்க்காத கண்.

மூணேகாலுக்குக் கரண்ட் போனது.
அறுபது மிஷினும் ஒரே மூச்சில் அடங்க
கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல் சாய்ந்தவன்
கெட்டில் மடியிலிருக்க, அப்படியே தூங்கிப்போனான்.
ஜெனரேட்டர்காரர் ஸ்டார்ட்டரில் கை வைத்தார்.

"ஏனுங், செத்த பொறுத்துப் போடுங்க."
"ஷிப்மெண்டுங்க! எவ்வளவு நேரம்?"
சுவரைப் பார்த்தேன்.
"அரை டீ குடிக்கிற நேரமுங்க."