எட்டாம் எண் ஜன்னல்

மனிசாலெஸ் நகரத்தில் தெருக்கள் படுப்பதில்லை,
நின்றபடியே தூங்குகின்றன.
அப்படியொரு செங்குத்துத் தெருவில்
டிசம்பர் முப்பத்தொன்று, நள்ளிரவு மணி அடித்ததும்
பன்னிரண்டு திராட்சையை வாயில் அடைத்துக்கொண்டு
காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு
சனம் ஓடும், ஒரு சுற்று.
புது வருடத்தில் பயணம் வாய்க்குமாம்.

யமிலேயும் ஓடுவாள்,
பத்தொன்பது வருடமாக.
பேருந்து நிலையத்தில் எட்டாம் எண் ஜன்னல் அவளுடையது,
ஒன்பது என்னுடையது.
கார்த்தஹேனாவுக்கு இரண்டு, சாந்தா மார்த்தாவுக்கு ஒன்று என்று
கடற்கரை முழுவதையும் கிழித்துக் கிழித்துக் கொடுப்பவள்
கடலைக் கண்டதில்லை.

போன வருடம் ஓடி முடித்து
மூச்சு வாங்க நடைபாதையில் உட்கார்ந்தாள்:
“எவெலியோ, நான் எங்கே போகணும் என்று
பெட்டிக்குத் தெரியாது.
நான் சொன்னதே இல்லை.”
பழைய சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதினாள்:
கடல்.
கீழே, வாரம் எட்டாயிரம் பெசோ.
அதற்கும் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.
அங்கே நான் எழுதினேன்: சிகரெட் கிடையாது.

என் கதை நான்காம் தேதி முடிந்தது.
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
மழை, ஒரு ஓட்டுநர், அவனிடம் தீப்பெட்டி.

அவள் சீட்டு கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது.
வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோடு.
பிப்ரவரி வரை கோடுகள் வேலி மாதிரி நின்றன.
மார்ச்சில் வேலியில் ஓட்டை:
தங்கை மகனுக்குப் பல் வைத்தியம்.
ஜூனில் துணி துவைக்கும் மெஷின் செத்தது,
டப்பாவைக் கவிழ்த்தாள்.
நாணயம் எண்ணும் சத்தம்
தடுப்புப் பலகை தாண்டி வந்தது.
காதில் விழாதவன் மாதிரி
சுத்தமாயிருந்த முத்திரைக் கட்டையை
மறுபடி மறுபடி துடைத்தேன்.

அன்றைக்குச் சீட்டைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன்.
எட்டாயிரத்தை அடித்து ஐந்தாயிரம் என்று எழுதினாள்.
செப்டம்பரில் ஐந்தை அடித்து மூன்று.
‘கடல்’ மேல் மட்டும் பேனா படவில்லை.
ஒருமுறை காபி சிந்தியது, அவ்வளவுதான்.

சபதம் என்றால் கண்ணாடி டம்ளர் என்றிருந்தேன் நான்.
கை தவறினால் கூட்டிப் பெருக்கிவிட்டு
அடுத்த ஜனவரி வரை நிம்மதியாக இருக்கலாம்.
வசதியான யோசனை.

டிசம்பர் இருபதில் எண்ணிப் பார்த்தாள்.
போதாது.
விலைப்பட்டியலில் விரலை வைத்து
மேலிருந்து இறக்கினாள்.
பர்ராங்கீயா, இல்லை.
புகரமங்கா, இல்லை.
விரல் லா தொராதாவில் நின்றது.
“போக, வர. ஒரு மீன் சாப்பாடு.”
“அங்கே கடல் இல்லையே” என்றேன்.
“ஆறு இருக்கிறது.
மீதி வழியை அது பார்த்துக்கொள்ளும்.”

தன் ஜன்னலில் தானே சீட்டு எடுக்கக் கூடாது, விதி.
வரிசையில் நின்று என்னிடம் வந்தாள்.
பழக்கதோஷத்தில் “பெயர்?” என்று கேட்டுவிட்டேன்.
முழுப்பெயரையும் சொன்னாள்,
எழுத்து எழுத்தாக,
பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை.

நேற்றுதான் திரும்பினாள்.
இன்றிரவு மறுபடி திராட்சை, மறுபடி பெட்டிகள்
கற்களில் தடதடத்து ஓடுகின்றன.
யமிலே ஓடவில்லை, நடக்கிறாள்.
அவள் பெட்டிச் சக்கரத்தில் மணல் கரகரக்கிறது.
“காலிப் பெட்டிதானே?” என்றேன்.
திறந்து காட்டினாள்:
இன்னும் காயாத துண்டு ஒன்று,
மக்தலேனா ஆற்றின் சேற்று வாசம்.

புதிய சீட்டைத் திருப்பி எழுதுகிறாள்:
கடல்.
வாரம் மூவாயிரம்.
பேனாவை என் பக்கம் நீட்டுகிறாள்.

என் சட்டைப்பையில் நாலு சிகரெட் பாக்கி.
மழை வரும் போலிருக்கிறது.
கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாள்,
போன தடவையைவிடச் சின்ன இடம்.
அதற்குள் அடங்குகிற மாதிரி
எதையாவது யோசிக்க வேண்டும்.