சிப்பாயை அடித்துவிட்டேன்

கின்ஷாசாவிலிருந்து வந்த கையேட்டில்
பதினாறு சொற்கள்.
சொல்லுக்கு ஆயிரம் பிராங்க் என்று பேச்சு.
வியாழனன்று தட்டம்மை ஊசிப் படகு வருமுன்
தும்பா ஏரிக்கரையின் வாய்க்கு
அவை பழகியிருக்க வேண்டும்.

கிருமி எளிது.
கண்ணுக்குத் தெரியாததற்கு இங்கே
பெயர்ப் பஞ்சமில்லை.
தொற்று: கொட்டாவியைப் போல என்றேன்.
உடனே இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்த பக்கம்.
"உடலுக்குள் ஒரு படை இருக்கிறது.
சிப்பாய்கள் இரவும் பகலும் ரோந்து வருகிறார்கள்."
உரக்க வாசித்ததும்
பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையடியில்
பெஞ்சுகள் அடங்கிப்போயின.
புகைமீன் விற்கும் பொலும்பு
மடியிலிருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தான்களை
மெல்ல, கழுத்துவரை, போட்டுவிட்டாள்.

எந்தப் படை என்று கேட்டார்
படகுக்கார லொகுலி.
கிழக்கிலிருந்து வந்ததா, ஆற்றுப் பக்கமிருந்தா?
எங்கள் கதவுகளை விறகாக்கியதே, அதுவா?
அதையா
ஓர் ஊசியில் எங்கள் இரத்தத்துக்குள் விடப்போகிறீர்கள்?

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
என் உடைந்த பல்லுக்கும் அந்த ஆண்டு தெரியும்.

நீலப் பேனாவால் சிப்பாயை அடித்தேன்.
ரோந்து, போர், தாக்குதல், அழித்தல்;
பக்கமே நீலமாயிற்று.
தலைமையகம் கேட்கும் என்றாள் செவிலி சிலாண்டா.
கேட்கட்டும் என்று
அவளே சொல்லிக்கொண்டாள்.

பிறகு பொலும்புவைக் கேட்டேன்:
கடன் வாங்கிக்கொண்டு ஓடியவன்
தொப்பி மாற்றி, தாடி வைத்து வந்தால்?
நடையிலேயே பிடித்துவிடுவேன்.
பத்து வருஷம் கழித்து வந்தாலுமா?
கண் மூடும்வரை மறக்க மாட்டேன்,
நாற்பது கூடை மீன்.

நினைவணு என்ற சொல்லுக்கு நேரே
பொலும்பு என்று எழுதினேன்.
தடுப்பூசி: கடன்காரன் வருமுன்னே
ஊரெல்லாம் காட்டிவைக்கும் அவன் முகம்,
பல் பிடுங்கிய முகம்.
காய்ச்சல்: கண்டுகொண்டவள் போடும் கூச்சல்.

நோயரும்பும் காலத்தை லொகுலிதான் சொன்னார்.
வலை வீசியதற்கும்
மிதவை அசைவதற்கும் நடுவில் ஒரு சும்மா நேரம்.
மீன் அப்போதே உள்ளே வந்திருக்கும்.

ஒரு சொல் மட்டும் படியவில்லை.
நோய் சுமப்பவர்.
இந்தக் கரையில் சுமப்பவர் என்றால்
ரப்பர்க் கூடை, பின்னால் சவுக்கு.
யாருடைய பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பேன்?
கட்டத்தை வெறுமனே விட்டேன்,
ஆயிரம் பிராங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்லி.

வியாழன்.
வரிசையில் முதலாவதாகப் பொலும்பு.
ஊசி இறங்கியபோது வீறிட்ட பிள்ளையின்
கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
நன்றாகப் பார்த்துக்கொள், இதுதான் அவன் முகம்.

மூன்று ஊர்ப் பிள்ளைகளை
எதிர்க்கரையிலிருந்து ஏற்றிவந்தார் லொகுலி.
தன் மகனைக் கூட்டிவரவில்லை.
கேட்டதற்குத் துடுப்பைத் துடைத்துக்கொண்டே,
மிதவை அசையட்டும் என்றார்.