சேத விவரம்

மலபார் ஹில் பங்களாவை
அடுத்த மாதம் இடிக்கிறார்கள்.
ஏலத்துக்குப் பட்டியல் எழுதப் போனேன்.

உருப்படி நாற்பத்தொன்று. வெள்ளைப் பளிங்கு. இருவர்.
சிறகு முளைத்தவன் குனிகிறான்
அவள் அண்ணாந்திருக்கிறாள்
உதடுகளுக்கு நடுவே
என் சுண்டுவிரல் போகும்.

இடது சிறகு, நுனி உடைசல்.
வலது தோள், மஞ்சள் கறை.

‘கறையில்லை, கல்லின் நரம்பு’ என்றார் ஷெரு பாய்.
‘இருட்டில் மட்டும் வருவான்,
முகம் பார்க்கக் கூடாதென்பான்.
ஒருநாள் விளக்கேற்றிவிட்டாள்.
தோளில் எண்ணெய் சொட்டியது. பறந்துவிட்டான்.
நரம்பு சரியாக அங்கே வர
சிற்பி எத்தனை கல் புரட்டினானோ.’
கறையை அடித்தேன்.

பாக்கியநாதன் தெர்மோகோலைச் சீவி
அந்த இடைவெளியில் செருகினான்:
‘லாரி குலுங்கினா
முத்தம்தான் மேடம் மொதல்ல ஒடையும்.’

கல்வா. ஒற்றை அறை.
ஷிப்ட் முடிந்து நீ நான்கு மணிக்கு வருகிறாய்
லைட்டைப் போடாதே, கண் கூசுது என்கிறாய்
எனக்கு ஐந்து நாற்பது லோக்கல்.

இன்று
செருப்புத் தேடுகிற சாக்கில்
போன் வெளிச்சத்தை உன் முதுகில் விட்டேன்.
வெல்டிங் பொறி சுட்ட தழும்புகள் நான்கு.
எனக்குத் தெரிந்தவை மூன்று.

நீ பறக்கவில்லை.
சுவர்ப்பக்கம் புரண்டு
என் தலையணையையும் இழுத்துக்கொண்டாய்.