விலக்கு, உட்பிரிவு ஈ

என் பதிவு காலாவதியானது மார்ச் முப்பத்தொன்று.
அன்று மகளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல்.
ஐந்தாண்டில் சேர்த்திருக்க வேண்டிய புள்ளிகளில்
பதினான்கு குறைவு:
இரண்டு கருத்தரங்கு, ஒரு பட்டறை, மதியச் சாப்பாட்டோடு.
பிரசவ விடுப்பில் கற்றதற்கெல்லாம்
புள்ளி கிடையாது.

டெல்லிக்கு போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் ஒரே ஷெனாய்.
பிறகு ஓர் இளைஞன்,
ரகரத்தில் லேசாக வழுக்கும் குரல்
(தொழில் புத்தி, கவனித்துவிட்டேன்):
புதுப்பிக்கும்வரை சிகிச்சை செய்யக் கூடாது மேடம்.
பேசலாமா?
பேசலாமே மேடம், பேசுவதற்கு என்ன.

மர்பி டவுனில், சர்ச்சுக்குப் பின்சந்தில்
முனிரத்தினம் ஒரே ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார்.
இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டர்.
மூளையில் ரத்தம் உறைந்த காலையில்
எல்லாச் சொல்லும் இறங்கிப்போக
கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது மட்டும் மிச்சம்:
சில்லறை.
பசித்தால் சில்லறை.
கொசு கடித்தால் சில்லறை.
மனைவி அழுதால் அவள் தலையைத் தொட்டு, மெதுவாக,
சில்லறை.
என் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம்.
நீ தமிழா கன்னடமா என்று
அந்தச் சொல்லிடம் எப்படிக் கேட்பது.

ஏப்ரல் முழுக்கப் போகவில்லை.
விதியைத் திட்டிக்கொண்டே விதிப்புத்தகம் படித்தேன்.
யார் யாருக்கு விலக்கு?
தன் வகுப்புக்குள் சொல்லித்தரும் ஆசிரியருக்கு.
மேற்பார்வையில் இருக்கும் மாணவருக்கு.
ஈ: கூலி பெறாமல் உடனிருக்கும்
உறவினருக்கும் அண்டை அயலாருக்கும்.
நான் அயல்தான்.
அல்சூரிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்.

ஆனால் திட்டுவதற்கும் முழு உரிமை இல்லை எனக்கு.
மெஜஸ்டிக் கழிப்பறைச் சுவரில் அந்த போஸ்டர் இன்னும் இருக்கிறது:
திக்குவாய், ஏழே நாளில் குணம், இல்லையேல் பணம் வாபஸ்.
அங்கே போய்விட்டு என்னிடம் வந்த பையனுக்கு ஒன்பது வயது.
நாக்கின் அடியில் பிளேடு தழும்பு.
அவன் வாயைத் திறக்கவே ஆறு வாரம் ஆனது.
அந்த வருஷம் மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி:
பதிவெண் இல்லாத எவரும் தொடக் கூடாது.
எவரும் என்ற சொல்லுக்கு
அடிக்கோடு போட்டதும் நான்தான்.

மே, முதல் ஞாயிறு.
ஒரு சீப்பு ஏலக்கிப் பழத்தோடு போனேன்.
பை இல்லை, படஅட்டை இல்லை.
பாக்கி எவ்ளோ தரணும் என்றாள் கன்னியம்மா.
சும்மா வந்தேன் என்றேன்.
சும்மா வருவது எப்படியென்று எனக்கே தெரியவில்லை.
அவர் சில்லறை என்றதும்
மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருந்தேன்.
காத்திருப்பது சிகிச்சையா?
பாடப்புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே உண்டு.

காபி வந்தது, அவருக்கும்.
ஒரு மடக்கு.
இருமல். கண்ணில் நீர். பிறகு
தொண்டையில் தண்ணீர் நிற்கும் அந்த ஈரக் குரல்.
நுரையீரல் பக்கம் திரும்பிவிட்ட குரல் அது.
அயலாருக்கு அது தெரியாது.
இரண்டாம் மடக்குக்கு டம்ளர் எழுகிறது.

தாடையைக் கீழே இறக்குங்க.
நெஞ்சைப் பாருங்க.
இப்ப முழுங்குங்க.

இறங்கியது.
கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள்,
யார் பேசியது என்பதுபோல.
விதி உடைந்தது உடைந்துவிட்டது,
இனித் தண்ணிகூடக் கெட்டியாக்கிக் கொடுங்க,
கூழ் பதம் என்றேன்.

கிளம்பும்போது
முனிரத்தினம் இடது கையால் சட்டைப்பையைத் தடவினார்.
விரலை நாக்கில் தொட்டு
இல்லாத கட்டிலிருந்து ஒரு டிக்கெட் கிழித்தார்.
அதன் முதுகில், தர வேண்டிய பாக்கியை
நகத்தால் எழுதி நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
கூலியா அது என்று
உட்பிரிவில் எழுதவில்லை.
எவ்வளவு என்றும் தெரியவில்லை.