பின்தங்கியவர்

ஒன்பது மணிக்கு முப்பத்தேழு பேர்.
ஒன்பது இருபதுக்குப் பதினொருவர்.
மூன்று வாரமாக இதே கணக்கு.

ஈசூனில் ஏழாவது மாடி.
குண்டு விழுந்தாலும் தாங்கும் என்று
வீவக கட்டித் தந்த காப்பறை.
அதற்குள் அரிசி மூட்டை, தீபாவளிச் சரவிளக்கு,
கழுத்து முறிந்த மின்விசிறி,
எங்கள் வானொலி.
குண்டு விழவில்லை.
ஆட்கள்தான் விழுகிறார்கள்.

முதலில் கம்பியைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
பிறகு வெக்கையை. இரும்புக் கதவை
ஒற்றைச் செருப்பு செருகித் திறந்து வைத்தேன்.
இணைய நிறுவனத்தை அழைத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ வாசித்துவிட்டு
'அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்றார்கள்.
அணைத்துப் போட்டதில்
மிச்சமிருந்த பதினொருவரும் போனார்கள்.

தெம்பனிசில் தில்ஷாத்
தலையோடு போர்வையை இழுத்து மூடி
(அதுதான் எங்கள் ஒலிக்கூடம்)
நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள்.
'யாராச்சும் இருக்காங்களா மாதங்கி?' என்று
பாட்டுக்கு நடுவே செய்தி.
'இருக்காங்க' என்றேன்.
எத்தனை என்று அவளும் கேட்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படித்தேன்.
இணைந்தார். இணைந்தார். இணைந்தார்.
மிகவும் பின்தங்கிவிட்டார், நீக்கப்பட்டார்.
மிகவும் பின்தங்கிவிட்டார், நீக்கப்பட்டார்.
இருபத்தாறு முறை அதே வரி.
இருபத்தாறுக்கும் ஒரே முகவரி.

தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள் என்று
நான் நினைத்திருந்த நேயர்கள்
சுங்கை காடுட்டில் ஒரே விடுதியில் இருந்தார்கள்.
பாட்டு கேட்டு எழுதும் செல்லப்பாண்டிதான் சொன்னான்:
'ஆமாக்கா, மாடிக்கே ஒரு வைஃபைதான்.
ஒம்பது மணிக்குத்தான் எல்லாரும் ஊருக்குப் பேசுவோம்.'

குளித்து, உலை வைத்து,
ஈரத் தலையோடு வீடியோவில் அழைக்கும் நேரம்.
பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடையாமல் தெரிய
பாட்டு கொஞ்சம் ஒதுங்கி நிற்கத்தானே வேண்டும்.

என் வழங்கிக்கு அது புரியாது.
முப்பத்திரண்டு நொடிப் பாட்டைக்
கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்கும்.
அதற்கும் பிந்தினால்,
பந்தியில் மெல்லச் சாப்பிடுகிறவன்
ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்கும்போதே
இலையை மடித்து எடுத்துப் போய்விடும்.

முப்பத்திரண்டு.
யாரும் வஞ்சம் வைத்து எழுதிய எண் அல்ல.
மென்பொருளோடு வந்தது.
நான்கு வருடமாக நான்தான்
திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்து லட்சத்துச் சொச்சம் என்றிருந்ததை
இருபது லட்சத்துச் சொச்சம் ஆக்கினேன்.
இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுக்கும் இனி.
ஒரே வரி.
மூன்று வாரம், ஒரு புதுக் கம்பி,
ஒரு பியானோக் கச்சேரி, கடைசியில் ஒரே வரி.

மறுநாள் ஒன்பது இருபதுக்கு முப்பத்தாறு.
ஒன்பது நாற்பதுக்கு முப்பத்தெட்டு.
ஆறிப்போன மீ கோரெங்கை
அப்போதுதான் பிரித்தேன்.
'நேரம் சரியாகப் பத்து மணி' என்றாள் தில்ஷாத்.

செல்லப்பாண்டி எழுதினான்:
'அக்கா, எங்க ரூம்ல பத்து ரெண்டு.
கடிகாரத்துக்கு பேட்டரி போடுங்க.'
'நான் சரியாத்தானே சொன்னேன்!'
போர்வைக்குள்ளிருந்து வெடித்தாள் அவள்.
சரியாகத்தான் சொன்னாள்.
போய்ச் சேர நேரமாயிற்று.

இன்னும் ஒருவர் மட்டும்
இரவு பத்து நாற்பத்தேழுக்குப் போகிறார்,
தினமும், நிமிடம் தவறாமல்.
பிழை இல்லை, பின்தங்கவில்லை,
அவராகவே முடித்துக்கொண்டார் என்கிறது பதிவேடு.
ஒரு வாரம் அதையும் துரத்தினேன்.
காலை ஐந்துக்கு லாரி வந்துவிடுமாம்.

கதவிடுக்கில் நழுவியிருந்த செருப்பைத்
திரும்பச் செருகிவிட்டு
விளக்கை அணைத்தேன்.